எனக்காக நின்ன களை வரிசை

யுத்தம் உச்சத்துல இருந்த வருஷம், ஆடி மாசக் கடைசி. கொல்லிமலையில, வளப்பூர் நாட்டுச் சாமைக்காடு ஒண்ணுல நடந்தது இது. அப்ப எனக்கு நாப்பத்திரண்டு வயசு. தொப்பை எனக்கு அரையடி முன்னால போய்க்கிட்டிருந்த காலம்.

என் உத்தியோகம் அம்மை குத்துறது. சர்க்கார் குடுக்குற அம்மைப்பாலை ஊர் ஊராத் தூக்கிட்டுப் போயி, ஜனங்க கையில கீறித் தடவுற வேலை. என்னைக் கண்டா பிள்ளைங்க ஓடும். பெரியவங்க அதைவிட வேகமா ஓடுவாங்க. "உங்களைக் கண்டு ஓடாதவ நான் ஒருத்திதான், அதுவும் முழங்கால் வலியால"ன்னு என் சம்சாரம் சொல்லுவா.

அந்த வருஷம் அடிவாரத்துல பெரியம்மை போட்டுத் தாக்கிருச்சு. நாலு மாசமா ஒரு நாள் லீவு கிடையாது. ராத்திரி தூக்கம் வராது, பகல்ல சோறு இறங்காது. யார் முகமும் மனசுல நிக்காது. "இந்த ஊர்ல இன்னும் எத்தனை கை பாக்கி?"ன்னுதான் கேப்பேன். ஆளுங்களா கேட்டதில்ல, கையாத்தான். தொழுகையும் அதே கதிதான். மத்தியான லுஹரு, சாயங்கால அசரு எல்லாத்தையும் சேர்த்து மூட்டை கட்டி, பொழுது போனப்புறம், நேரம் தப்பின களாவாத் தொழுவேன். "சர்க்கார் வேலை, மன்னிச்சுக்கோ"ன்னு அல்லாகிட்டயும் தினம் ஒரு லீவு லெட்டர் குடுத்துக்கிட்டிருந்தேன்.

இப்படி இருக்கையில மேலதிகாரி கூப்பிட்டு, "மலைக்கு நோய் ஏறுறதுக்குள்ள நீ ஏறிடு. மூணு நாள்தான்"னுட்டார். ஏறினேன். அம்மைப்பால் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்ல இருக்கும். வெயில் பட்டா கெட்டுப்போயிடும், அப்புறம் குத்தியும் பிரயோஜனம் இல்ல. அதனால தகர டப்பாவுல வெச்சு, ஈரத்துணியச் சுத்தி, கைப்புள்ள மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டே ஏறினேன். மழை விட்டு சுள்ளுன்னு வெயில் அடிச்சிட்டிருந்தது. பாதி வழியிலயே துணி காய்ஞ்சுபோச்சு. இந்த டப்பா கெட்டுப்போனா அடுத்தது கீழ வந்து சேர பத்து நாளாகும். அதுக்குள்ள நோய் மலை ஏறிடும்.

ஊருக்குள்ள போனா ஒரு ஆள் இல்ல. எல்லாரும் சரிவுல சாமைக்குக் களை வெட்டிக்கிட்டிருந்தாங்க. இருபது இருபத்தஞ்சு பேரு, ஆணும் பொண்ணுமா, ஒரே வரிசையா குனிஞ்சு, கீழ இருந்து மேல பார்த்து நகர்ந்துக்கிட்டிருந்தாங்க. வரிசைக்குத் தலையாளு என் வயசுள்ள ஒரு அம்மா. நான் கீழ நின்னு, "எல்லாரும் வெளிய வாங்க, அம்மை குத்தணும்!"னு கத்தினேன்.

"மேவரப்புத் தொட்டாத்தானுங்க வரிசை நிக்கும். செத்த உக்காருங்க ராவுத்தரே"ன்னாங்க அந்தம்மா, நிமிராமலே.

உக்காந்து பார்த்தா, நத்தை கூட இவங்களை முந்திக்கிட்டுப் போயிடும்! அப்புறம்தான் கவனிச்சேன். வரிசைக்கு நடுவுல நெறமாசமா ஒரு பொண்ணு. அவ ரெண்டு கொத்து கொத்துவா, இடுப்பைப் பிடிப்பா, மூச்சு வாங்குவா. மொத்த வரிசையும் அவளுக்காக நிக்குது. ஒருத்தர் கூட அவளைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கல.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "ஏம்மா, அந்தப் பொண்ணை ஊட்டுக்கு அனுப்பிட்டு வெட்டினா மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாமே?"

"அனுப்பலாமுங்க. காடு அவளுதாச்சே!"

வரிசை பூரா சிரிச்சது. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. டப்பாவ நிழல்ல வெச்சுட்டு, "குடுங்க ஒரு களைக்கொத்து, நானே சீக்கிரம் முடிச்சுக் குடுக்கறேன்"னு வேட்டியை மடிச்சுக் கட்டி உள்ள இறங்கினேன். ஆத்திரத்துல கொத்தினேன் பாருங்க, நாலடி முன்னால போயிட்டேன். களையோட சேர்த்துச் சாமையையும் கொத்திட்டேன்கிறது வேற கதை. அஞ்சு நிமிஷம் இருக்கும். கண்ணு இருட்டிக்கிட்டு வந்தது. காடு சுத்துச்சு. அடுத்தது, என் மூஞ்சி மண்ணுல கிடக்குது.

முழிச்சுப் பார்த்தப்ப யாரோ தலையில தண்ணி ஊத்திக்கிட்டிருந்தாங்க. ராகிக் கூழ் குடுத்தாங்க. கொஞ்சம் தெளிஞ்சதும் வெக்கம் தாங்காம, மறுபடி கொத்து எடுத்துக்கிட்டு ஓரமா நிக்கப் போனேன். தலையாளு அம்மா என் தோளைப் பிடிச்சு நடுவுல கொண்டுபோயி, அந்தப் பொண்ணு பக்கத்துல நிறுத்திட்டாங்க.

"முடியாதவங்க இடம் நடுவுலங்க."

"அப்பாடா, என்னைவிட மெதுவா ஒருத்தர் வந்துட்டாருங்க"ன்னா அந்தப் பொண்ணு. மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை நானும் சிரிச்சேன். நாலு மாசத்துல மொதத் தடவையோ என்னமோ.

உச்சி தாண்டினதும் லுஹரு நேரம் வந்தது. அன்னைக்கு மூட்டை கட்டத் தோணல. "செத்த தொழுதுட்டு வாரேன்"னுட்டு, பக்கத்து ஊத்துல கை கால் முகம் கழுவி ஒளூ செஞ்சு, பலா மரத்தடியில துண்டை விரிச்சு நின்னேன். உடம்புல தெம்பு இல்லாததால மெதுவாத்தான் தொழ முடிஞ்சது. குனிஞ்சா நிமிர நேரமாச்சு, நிமிர்ந்தா குனிய நேரமாச்சு. எத்தனையோ நாளுக்கப்புறம் ஓதுற வார்த்தை ஒவ்வொண்ணும் எனக்கே காதுல விழுந்தது.

தொழுகை முடிச்சு சலாம் குடுக்க வலது பக்கம் திரும்பினேன். அப்படியே நின்னுபோச்சு கண்ணு.

மொத்த வரிசையும் காட்டுல உக்காந்திருக்குது. நான் விட்ட இடத்துல, அதே கோட்டுல, களைக்கொத்தைத் தரையில வெச்சுட்டு. இருபத்தஞ்சு பேரு. பின்னால மலை, மேல மேகம் இறங்கிக்கிட்டிருக்குது. நடுவுல ஒரு ஆள் அகலத்துக்கு வெத்திடம். என் இடம்.

வேடிக்கை பாக்குறாங்கன்னு நினைச்சு, "ஏனுங்க, நிறுத்திட்டீங்க?"ன்னு கேட்டேன்.

"ஒரு ஆளு கொறையுதுங்களே. நீங்க வந்தாத்தான் அடுத்த அடி"ன்னாங்க தலையாளு அம்மா, நான் என்னமோ தெரியாத்தனமாக் கேட்டுட்ட மாதிரி.

தொழவைக்கிற இமாம், வரிசையில முடியாதவங்க, வயசானவங்க இருப்பாங்கன்னு நினைச்சுச் சுருக்கித் தொழவைக்கணும்னு நபிகள் சொன்னதை ஓதப் போன வயசுலயே படிச்சவன் நான். முப்பது வருஷமா தோளோட தோள் ஒட்டி வரிசையில நின்னிருக்கேன். அது பள்ளிவாசலுக்குள்ள மட்டும்னு நினைச்சுட்டேன். வெளிய வந்து செருப்பு மாட்டினதும் ஒத்தையில ஓட ஆரம்பிச்சிருவேன். தொழ நிக்கிற திசை, கிப்லா, எந்தப் பக்கம்னு கூடத் தெரியாத ஒரு களை வரிசை அதை எனக்கு வெட்டவெளியில காட்டிச்சு.

சாயங்காலம் மேவரப்பைத் தொட்டோம். அப்பத்தான் டப்பா ஞாபகமே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தா, வெச்ச இடத்துல வெயில் அடிக்குது, டப்பாவக் காணோம். உசிரே போச்சு. அந்தப் பொண்ணோட புருசன் வந்து, "நீங்க அதையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்களா, என்னமோ சூடு ஆவாதுன்னு ஊத்துத் தண்ணியில வெச்சேனுங்க"ன்னான். பாறை இடுக்குல, சில்லுன்னு இருந்தது. நான் விழுந்து கிடந்த நேரத்துலயே அவன் அதைப் பண்ணியிருக்கான்.

அம்மை குத்திக்க மொதல்ல யாரும் முன்வரல. தலையாளு அம்மா கையை நீட்டி உக்காந்தாங்க. அவ்வளவுதான், களை வெட்டின அதே வரிசையா எல்லாரும் உக்காந்துட்டாங்க. ஓடினது ஒருத்தர் கூட இல்ல. ஒவ்வொருத்தரா, பேரைக் கேட்டு, பிஸ்மி சொல்லிக் குத்தினேன். அந்தப் பொண்ணுக்கு மட்டும் குத்தல. பிள்ளை பொறக்கட்டும், நானே வாரேன்னேன்.

எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். எல்லார் கையிலயும் கொப்புளம் நல்லாப் பொங்கியிருந்தது. அம்மைப்பால் கெடல. மூணு வாரம் கழிச்சு, பிள்ளை பொறந்த சேதி வந்ததும், மறுபடி மலை ஏறக் கிளம்பினேன். "ஒரு தாய்க்கும் ஒரு பச்சப்புள்ளைக்குமா ஒரு முழு நாள்?"னு மேலதிகாரி கத்தினார். "ஆமாங்க"ன்னேன். அவருக்கு வெளங்குற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியல.

வேலை இப்பவும் குறையல, தொப்பையும்தான். ஆனா லுஹரு நேரம் வந்தா எந்தக் காட்டுல இருந்தாலும் துண்டை விரிச்சிருவேன். சலாம் குடுக்கத் திரும்புறப்ப பக்கத்துல ஒருத்தரும் இல்லாட்டியும், யாரோ எனக்காகக் கொத்தைக் கீழ வெச்சுட்டு உக்காந்திருக்காங்கன்னு இன்னைக்கும் நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னு அடிக்குது.