சாஆவில் தீர்ந்த என் படிப்புக் கடன்

என் படிப்புக் கடனால் என் தாய்மாமாவுக்கு வீடு கிடைக்காமல் போனது. என் துன்பத்தை அங்கிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும்.

நான் சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் மாசாய் என்ற ஊரில் வளர்ந்தவள். பெயர் புவனா. அப்பா சிறு வயதிலேயே தவறிவிட்டார். அம்மா பக்கத்து ஊரான பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து என்னை ஆளாக்கினார். தாதியர் படிப்புக்குத் தனியார் கல்லூரியில் சேர்ந்தபோது, கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அம்மாவின் தம்பி சேகர் மாமா. படிப்பு முடிந்தது. பதிவுத் தேர்வில் தோற்றேன். மறுபடி எழுதினேன், மறுபடியும் தோற்றேன். பதிவு இல்லாமல் தாதி வேலை கிடையாது. அம்மா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன். மூன்றாவது முறை தேறினேன். ஆனால் அதற்குள் கடன் தவணை இரண்டு வருடம் நின்று போயிருந்தது.

தைப்பூசம் முடிந்த வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"வீட்டு லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சுக்கா. நான் ஜாமீன் போட்ட கடன் கட்டாம கிடக்குன்னு பேங்க்ல சொல்றாங்க. நான் திட்ட வரல. அவ எப்ப கட்டுவாள்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். என்னிடம் அவர் கேட்கவில்லை. வைத்த தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் அழுதேன். வேண்டுதலைத் தெளிவாகவே வைத்தேன். "அம்மா, சிங்கப்பூர்ல ஒரு ஆஸ்பத்திரி வேலை குடு. ரெண்டே வருஷத்துல அடைச்சிடுறேன்." மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தேன். அனுபவம் போதாது என்று மூன்று இடத்திலும் மறுத்துவிட்டார்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். அம்மனிடம் கோபித்துக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அந்தச் சமயத்தில் கல்லூரித் தோழி ஒருத்தி அழைத்தாள். எங்கள் மாநிலத்தின் உட்பகுதியில் இருக்கும் சாஆ என்ற சிறு பட்டணத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறிய டயாலிசிஸ் மையம் நடத்துகிறார்கள். அங்கே தாதிகள் நிலைப்பதில்லை. அதனால் ஐந்து வருடம் தங்கி வேலை செய்பவரின் படிப்புக் கடனைச் சம்பளத்துக்கு மேல் அவர்களே கட்டுகிறார்கள், பயிற்சியும் தருகிறார்கள் என்றாள். எனக்குப் போக மனமில்லை. சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், ஏழு மணிக்கு மேல் நடமாட்டம் இல்லாத ஊர். மாமாவை நினைத்துத்தான் பஸ் ஏறினேன்.

நேர்காணல் ஓர் உணவகத்தில் நடந்தது. அதன் முதலாளி ஹனிபா பாய்தான் மையத்தின் தலைவர். அவர் மனைவி டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் வெளியூர் போய் வந்தே தளர்ந்து இறந்தவர்.

"போன மிஸி மூணு மாசம்தான் இருந்தாங்க. நீங்க ஏன் இருப்பீங்க?" என்று கேட்டார். இங்கே தாதியை மிஸி என்றுதான் அழைப்பார்கள்.

அழகாகச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "கடன் இருக்கு பாய்," என்றேன்.

"சரி. சேவை செய்ய வந்தேன்னு சொன்னவங்க எல்லாம் போயிட்டாங்க. நீங்க உண்மையைச் சொல்றீங்க. ஒவ்வொரு வருஷம் முடியறப்பவும் ஒரு பங்கு கட்டுவோம். நடுவுல போனா அந்த வருஷத்துக்கு இல்ல. சம்மதமா?"

கையெழுத்துப் போட்டேன். முதல் வருடம் நாள்களை எண்ணித்தான் கழித்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் வருட மழைக்காலத்தில் வெள்ளம் வந்தது. குளுவாங் நகரிலிருந்து தினமும் வரும் மற்ற இரண்டு தாதிகளாலும் வர முடியவில்லை. பக்கத்து ஊரான லாபிஸுக்குப் போகும் சாலையும் மூழ்கியது. பட்டணத்திலேயே தங்கியிருந்தது நானும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ரஹீமும் மட்டும்தான். டயாலிசிஸ் இரண்டு நாள் தள்ளிப்போனாலே சிலருக்கு மூச்சு முட்டிவிடும். மையத்து டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தோம். எல்லாருக்கும் முறை கிடைக்கும்படி ஒவ்வொருவருக்கும் நேரத்தைக் குறைத்துக் கொடுக்கச் சொன்னார்.

நோயாளிகள் எட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான லெட்சுமி அக்காவை லாபிஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் உட்கார வைத்து, தண்ணீர் குறைவாக இருந்த தோட்டப் பாதை வழியாகக் கொண்டுவந்தார்கள். காலும் முகமும் வீங்கியிருந்தன. அப்போது ரஹீம் என்னைத் தனியே அழைத்து, "மிஸி, பைப்ல தண்ணி நின்னுடுச்சு. டேங்க்ல இருக்கிறதுதான். எல்லாருக்கும் பத்துமான்னு தெரியல," என்றார். டயாலிசிஸுக்குத் தண்ணீர்தான் உயிர்.

மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நெடுநாளைக்குப் பிறகு வேண்டினேன். சிங்கப்பூரைக் கேட்கவில்லை. கடனைக் கேட்கவில்லை. "இந்த எட்டுப் பேருக்கும் தண்ணி பத்தணும் தாயே," என்று மட்டும் கேட்டேன்.

ஏழு பேர் முடிந்தார்கள். எட்டாவது ஆளை இணைக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் நின்றபோது, ஹனிபா பாய் எங்கிருந்தோ சொல்லிவைத்துப் பிடித்த தண்ணீர் லாரி வாசலுக்கு வந்தது. ரஹீம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.

வீக்கம் வடிந்த முகத்தோடு லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸி, நீங்க வர்றதுக்கு முன்னாடி நாங்க தோட்டத்துக் கோயில்ல பால்குடம் எடுத்தோம், தெரியுமா? ஓடிப் போகாத ஒரு மிஸியை அனுப்பும்மான்னு."

எந்த மாதம் என்று கேட்டேன். நான் வந்த வருடத்துச் சித்திரை என்றார். சிங்கப்பூரின் கடைசி மறுப்புக் கடிதம் எனக்கு வந்தது அந்தச் சித்திரையில்தான். நான் ஒன்றைக் கேட்டு அழுதுகொண்டிருந்தேன். அவர்கள் என்னையே கேட்டிருக்கிறார்கள்.

என் தோல்வியையும் சேகர் மாமா பட்ட வேதனையையும் அம்மன்தான் தந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. அதை இன்னும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த வேதனையை அவள் வீணாக விடவில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

ஐந்தாம் வருடம் கடன் முழுவதும் அடைந்தது. கடன் முடிந்த கடிதத்தை நானே மாமா வீட்டுக்குக் கொண்டுபோனேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. இப்போது மாசாயில் சொந்த வீட்டில் இருக்கிறார்.

என்னைப் பிடித்துவைக்க இன்று எந்த ஒப்பந்தமும் இல்லை. சாஆவில்தான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் லெட்சுமி அக்காவோடு கோயிலில் உட்காருகிறேன்.

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளே, கேட்டது கிடைக்கவில்லை என்று என்னைப் போல் கோபித்துக்கொண்டு இருக்கிறீர்களா? கோபத்தோடேயே கோயிலுக்கு வாருங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். உங்களுக்குத் தெரியாத ஏதோ ஓர் ஊரில், உங்களுக்காக யாரோ பால்குடம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.