அண்ணியோடு வந்த ஃபிரிட்ஜ்

ஈரச் சாக்கும் மரத்தூளும் சேர்ந்து வெயிலில் காயும்போது ஒரு புளித்த வாடை வருமே, அது எங்கே மூக்கில் பட்டாலும் இன்றைக்கும் எனக்குத் தும்மல் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக்கு முதன்முதலாக வந்த ஃபிரிட்ஜ், எங்கள் வீட்டுக் கூடத்தில் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு, குளிர்ஜுரக்காரனைப் போல நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு கோடைக்காலத்தின் வாடை அது.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த அண்ணியோடு, கட்டில் பீரோவுக்கு நடுவில், மீன் வண்டியில் நின்றபடியே வந்து இறங்கிய இளநீலப் பெட்டி. ஊரே திரண்டு வந்து அதன் கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்து, விளக்கு எரிவதையும் அணைவதையும் சரிபார்த்துவிட்டுப் போனது. மணப்பெண்ணை அந்த அளவுக்கு யாரும் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். என் சேட்டைகளுக்கு அதுவரை வீட்டில் கிடைத்த பரிசெல்லாம் முதுகில்தான் விழுந்தது. சிரித்த முதல் ஆள் அண்ணி. ஊர்ப் பெரியவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பதை நான் நடித்துக் காட்டினால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்துவிடுவாள். கோமாளிக்கு ரசிகர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கோமாளிக்குத்தான் தெரியும்.

முதல் சில நாள் பெட்டி நன்றாகத்தான் குளிர்ந்தது. மீன் மட்டும் அதற்குள் போகவில்லை. மீன்காரன் வீட்டில் பழைய மீன் தின்பதா என்று என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிற நைனா, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் தண்ணீர்ப் பாட்டிலும், தோசை மாவும், தெருவில் பாதிப் பேருடைய கனகாம்பரமும் உள்ளே குடியிருந்தன. பிறகு, படகின் ஆணியையே தின்கிற உப்புக்காற்று இந்தத் தகரத்தை விட்டுவைக்குமா என்று கவலைப்பட்ட அம்மா, பிளாஸ்டிக் ஷீட் ஒன்றால் அதை முன்னும் பின்னும் சுற்றிக் கட்டினாள். குளிர் சற்றுக் குறைந்தது. அங்கேதான் நைனா வைத்தியத்தைக் கையில் எடுத்தார்.

நைனாவுக்கு ஐஸைப் பற்றித் தெரியாதது இல்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக வாங்கி வந்து, உடைத்து, மரத்தூளும் சாக்கும் போட்டு மூடி, சென்னைக்குப் போகிறவரை உருகாமல் மீன் அனுப்பிய கை அது. "குளிரு திருட்டுப் பய மாதிரி. சந்து கெடச்சா ஓடிடுவான். அடச்சி வையி" என்பது அவருடைய வேதம். ஷீட்டுக்கு மேல் கோணிச்சாக்குப் போர்த்தினார். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த சந்தில் மரத்தூள் மூட்டைகளைத் திணித்தார். கதவு திறந்துகொள்ளாமல் வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார். உள்ளே குளிரைக் கூட்டுகிற திருகை அது போகிற மட்டும் திருகினார். குளிர் இன்னும் குறைந்தது. இன்னும் இரண்டு சாக்கு ஏறியது. முதுகுப் பக்கம் கை வைத்தால் கொதித்தது. குளிரெல்லாம் ஓடிப்போய்விட்டதால்தான் உடம்பு கொதிக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, சாக்கை நனைத்துப் போட்டார். தொட்ட கையில் சுரீரென்று ஷாக் அடித்தபோதும் அவர் அசரவில்லை, பெட்டிக்குக் கோபம் என்றார். எங்கள் ஊர் டச்சுக்காரன் கல்லறை வாசலில் செதுக்கி வைத்திருக்கும் எலும்புக்கூட்டுக்கே பயப்படாத என் கூட்டாளிகள், ராத்திரியில் எங்கள் கூடத்தைத் தாண்டிப் போகப் பயந்தார்கள்.

கடைசியாகக் கடைத்தெருவிலிருந்து ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் வந்தார். ஒரு சாக்கையும் விலக்காமல், ஸ்க்ரூ டிரைவரால் மேலே இரண்டு தட்டுத் தட்டி, "கேஸ் போயிடுச்சி" என்று துக்கம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஷீட்டைச் சுற்றியது யார், மூட்டையைத் திணித்தது யார் என்று அந்த வீட்டில் ஒரு நாக்கும் கேட்கவில்லை. பழைய பெட்டிக்குப் பெயிண்ட் அடித்துத் தள்ளிவிட்டார்கள் என்றது தெரு. பெட்டியே இப்படியென்றால் பெண் எப்படியோ என்றது அடுத்த தெரு. அண்ணி கொண்டு வந்து வைத்த தண்ணீரை அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் சூடாத்தான் கீது" என்று சொம்பைத் தள்ளி வைத்தாள். அண்ணன்? கடலில் அவன் புலி. வீட்டில் நங்கூரம் போட்ட படகு. குனிந்த தலை நிமிராமல் வலை பின்னிக்கொண்டிருந்தான். பெட்டி திரும்பிப் போகட்டும், கூடவே அவளும் போகட்டும், புதுப் பெட்டி வரும்போது அவளும் வரட்டும் என்று முடிவாயிற்று. காலிச் சோடா பாட்டிலைக் கடைக்கு அனுப்புகிற மாதிரி அதைச் சொன்னார்கள்.

அடுத்து வைத்தியத்தை நான் கையில் எடுத்தேன். பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டேன். கங்கையம்மனுக்குக் கற்பூரம் நேர்ந்துகொண்டேன். பெட்டியிடமே, "இன்னா வேணும் உனக்கு, சொல்லேன்" என்று கெஞ்சினேன். ஒன்றும் பலிக்காமல் போகவே, படகுப் பெட்டியிலிருந்து ஐஸ்கட்டி இரண்டை டவுசர் பையில் போட்டுக்கொண்டு தொடை மரத்துப்போக ஓடிவந்து, கயிற்றை அவிழ்த்து ஃபிரீசரில் வைத்துவிட்டு, "ஐஸ் கட்டிடுச்சி, ஐஸ் கட்டிடுச்சி" என்று ஊரைக் கூட்டினேன். அம்மா கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் பளபளவென்று ஒரு மீன் செதில். ஃபிரிட்ஜ் மீன் பிடிக்காது என்பது அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அண்ணிதான் என்னைத் தூண்டிவிட்டாள் என்று அதுவும் அவள் கணக்கில் ஏறியது.

வண்டி பிடித்து வர அண்ணன் போன அன்று காலை, அண்ணி பையோடு வாசலுக்கு வந்தாள். எங்கள் குப்பத்தில் ஒருவரிடம் வாங்கிய வலையைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. நாலு பேர் முன்னால் மணலில் விரித்துக் காட்டி, கிழிசல் யார் கையில் விழுந்தது என்று பேசி முடித்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த வழக்கத்தில் நைனாவைப் போலக் கறாரான ஆள் இல்லை. அண்ணி அவரைத்தான் கேட்டாள், குரல் உயரவில்லை.

"மாமா, வலைன்னா விரிச்சிக் காட்டித்தானே குடுப்பீங்க? இதையும் தொறந்து, ஓட்டிக் காட்டிக் குடுங்க. நான் ஒடச்சேன்னு எங்கூர்ல பேச்சு வரக் கூடாது."

நைனா தெருவுக்கு ஆள் அனுப்பினார். நாலு பேர் வந்தார்கள். சாக்கு இறங்கியது, ஷீட் இறங்கியது, மரத்தூள் மூட்டைகள் வெளியே வந்தன. பெட்டியைக் காற்றாட வாசலுக்கு நகர்த்தி, ஒயரை நீட்டிச் சொருகினார்கள். அண்ணி தன் கையாலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஃபிரீசரில் வைத்துக் கதவைச் சாத்தினாள். நாலு பேரும் டீ குடித்தார்கள். வண்டி வரவில்லை, பிறகு கூழும் குடித்தார்கள். அண்ணி பெட்டியின் முதுகுப் பக்கம் உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தாள். என் கையையும் இழுத்து அங்கே வைத்தாள். அனல் அடித்தது.

"உள்ள இருக்கிற சூட்ட இங்க தள்ளுதுடா. தள்ளுற எடத்த அடச்சிட்டா அது எங்க போவும்?"

கதவைத் திறந்தபோது ஃபிரீசரின் சுவரெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. டம்ளரின் மேல் பாலாடை மாதிரி ஐஸ். நைனா விரலை வைத்தார். ஒட்டிக்கொண்ட விரலைப் பிடுங்கி எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் இதுக்கு நம்ம ஊரு காத்து ஒத்துக்கினு கீது" என்றார்.

நாலு பேரும் தலையாட்டினார்கள். அம்மா, வண்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடச் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். அவ்வளவுதான். தப்பு நம்முடையது என்று ஒருவர், ஒரே ஒருவர், சாடையாகக்கூடச் சொல்லவில்லை. பையைப் பிரித்துப் புடவைகளைத் திரும்ப அடுக்கியது அண்ணிதான். நான் குரங்கு போல ஆடிக் காட்டினேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

அந்த ஐஸ் கம்பெனி இருந்த இடத்தில் இன்று முள்செடி. மரத்தூளைத் தேடினாலும் கிடைப்பதில்லை, மீனுக்குத் தெர்மோகோல் பெட்டி வந்துவிட்டது. இளநீலப் பெட்டி பழைய இரும்புக்காரனோடு போயிற்று. நைனாவும் அம்மாவும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

நான் இப்போது மீஞ்சூரில் இருக்கிறேன், என் மகளுக்குக் கல்யாணம். பையன் வீட்டார் தங்கமானவர்கள், ஒன்றுமே கேட்கவில்லை; "நீங்க பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னார்கள். அதைக் கேட்ட கையோடு, இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ் ஒன்றைக் கடையில் பார்த்துவிட்டு, யோசனை கேட்க அண்ணியிடம் போனேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக்கூட நிறுத்தவில்லை.

"பொண்ண மட்டும் அனுப்பு. கூட இன்னா போனாலும், அது கெட்டா இவ தலைலதான் விடியும்."