மூன்று முறை தலைவலி

வாலிபர் ஐக்கியத்து நண்பர்கள் அனைவருக்கும்,

சிரிப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டருக்கு ஓடி வந்திருக்கிறேன்.

போன ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று, "இனிமே ஹோட்டல்லயும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டுதான் சாப்பிடுவேன்" என்று சொன்னது நான்தான். அதுவரை நெற்றியைச் சொறிவதுபோல் கையை வைத்து, இரண்டே விநாடியில் ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பவன்.

இன்று காலை தாம்பரத்தில் ஒரு ஹோட்டலில் மசால் தோசை வந்தது. தலை குனிந்து, கண்களை மூடி, முழுசாக ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண் திறந்தால், சர்வர் குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா சார், மயக்கமா கீதா?"

ஜெபம் பண்ணினேன் என்று சொன்னால் முடிந்தது. வாயில் வந்ததோ, "லேசா தலைவலிண்ணா."

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் உடனே பையிலிருந்து தைலத்தை எடுத்தார். "அடிக்கடி வருமா தம்பி?"

"சாப்பிடுற நேரத்துல மட்டும் சார்."

அவரே என் நெற்றியில் தடவியும் விட்டார்.

கிளம்பும்போது கல்லாவில் இருந்தவர் கேட்டார். "தலைவலி விட்டுச்சா?"

"விட்டுடுச்சு சார்."

வாசலுக்கு வந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். மூன்று முறை! சேவல் கூவுமுன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த அதே மூன்று முறை.

அடுத்த கடை கோழிக் கடை. காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

நாளை அதே ஹோட்டலில் உண்மையைச் சொல்லப் போகிறேன். துணைக்கு யார் வருகிறீர்கள்? ஒரே நிபந்தனை: யாரும் கூவக் கூடாது.