எட்டாம் நம்பர் அறைக்காரர்கள்

டாக்டர் இருதயம் உத்தமபாளையத்தில் கிளினிக் வைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்களின் இடுப்புவலி, திராட்சைக்கு மருந்தடிக்கிறவர்களின் மூச்சிரைப்பு, எல்லாம் அவர் கிளினிக் பெஞ்சில்தான் வந்து உட்காரும். தொட்டுப் பார்த்தாலே நோயைச் சொல்லிவிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை அவரும் நம்பித் தொலைத்தார்.

சொந்தபந்தம் எத்தனையோ இருந்தாலும் அவருக்கு உயிர், மருத்துவக் கல்லூரி விடுதியில் எட்டாம் நம்பர் அறையில் கூட இருந்தவர்கள்தான். ஒரே தட்டில் தின்றவர்கள், ஒருவன் சட்டையை ஒருவன் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போனவர்கள். அறையைக் காலி செய்த அன்று ஒரு சத்தியம் செய்துகொண்டார்கள்: நம்மில் யார் வீட்டுக்கு நோய் வந்தாலும் நமக்குள்ளேயே பார்த்துக்கொள்வோம், வெளி ஆளிடம் போகக்கூடாது. அந்த வயதில் எவன்தான் சத்தியம் செய்யவில்லை? இந்தப் பாவிகள் அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். இருதயத்தின் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்தது மதுரையில் சர்ஜனாக இருக்கும் ஆதித்தன். ஆதித்தன் மகள் டெங்குவில் கிடந்தபோது, கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போய் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தது இருதயம்.

போன வருடம் மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம், மனைவி ஜெசிந்தா மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுவதாகச் சொன்னாள். இருதயம் தொட்டுப் பார்த்தார். வெறும் கொழுப்புக்கட்டி மாதிரித்தான் பட்டது. இருந்தாலும் ஆதித்தனிடம் காட்டிவிடுவோம் என்று மதுரைக்குக் காரை எடுத்தார். ஆதித்தன் ஜெசிந்தாவை மட்டும் தன் அறைக்குள் அழைத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, ஒன்றுமில்லை, நீ சொன்னதுதான் என்று இருதயத்தின் தோளில் தட்டினார். பிறகு பிரியாணி வந்தது, பழைய கதைகள் வந்தன. வேறொரு பெண்ணாக இருந்தால், ஊசி குத்திச் சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பாமல் இருதயம் விட்டிருக்க மாட்டார். ஆதித்தனிடம் போய் அதைக் கேட்பது அவன் கையையே சந்தேகப்படுவது போலாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார்.

இந்த வருடம் ஜெசிந்தாவுக்கு முதுகுவலி என்று படம் எடுத்துப் பார்த்தபோது, எலும்பெல்லாம் புற்று பரவியிருந்தது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று தேனியில் முன்பின் தெரியாத ஒரு டாக்டர் சொன்னார்.

அன்றிலிருந்து இருதயம் ஆதித்தனின் போனை எடுக்கவில்லை. சர்ஜன் என்று பெயர், தொட்டும் தெரியவில்லையே என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே இருந்தார். அந்தக் கோபம் ஒன்றுதான் அவரை நடமாட வைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆதித்தனே வீடு தேடி வந்து ஹாலில் உட்கார்ந்தபோது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அனுப்பிவிடுவது என்று கிளம்பினார். படுக்கையிலிருந்து ஜெசிந்தா அவர் கையைப் பிடித்தாள்.

"அவுகள வையாதீங்க. அன்னைக்கி அவுக என்மேல கையே வைக்கல."

இருதயத்துக்கு விளங்கவில்லை.

"மதினி, இருதயம் பாத்துட்டானான்னு கேட்டாக. பாத்துட்டாகன்னேன். அவன் பாத்தாச் சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டு, பிள்ளைகளப் பத்தி விசாரிச்சாக. அம்புட்டுத்தான்."

ஏன் அப்போதே தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"மதினின்னு கூச்சப்படுறாகன்னு எனக்கும் நிம்மதியாப் போச்சு. ரெண்டு டாக்டரும் ஒண்ணு போலச் சொன்னா, சரியாத்தான இருக்கும்னு நெனச்சேன்."

சொன்னது ஒரே ஒரு டாக்டர்தான் என்று இருதயத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைத் தாங்கிக்கொண்டிருந்த கோபம் மொத்தமும் அந்த இடத்திலேயே வடிந்தது. அழக்கூட முடியவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

ஆதித்தன் எழுந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். "டேய், நீ பாத்துட்டன்னு சொன்னதும்..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. உள்ளே ஜெசிந்தா வலி தாங்காமல் முனகினாள். யார் முதலில் போவது என்று தெரியாமல் இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.