காமினி நிறுத்திய மாத்திரை

லிட்டில் இந்தியாவில் பச்சை விளக்குக்குக் காத்திருந்து சாலையைக் கடக்கிற ஒரே ஆள் காமினிதான் என்று அந்தப் பக்கத்தில் கேலி செய்வார்கள். தெரு காலியாகக் கிடந்தாலும் நிற்பாள். "காடியே இல்ல லா அக்கா, போங்க" என்று டிரைஷா மிதிக்கிறவர் சிரிப்பார். அவள் அசைய மாட்டாள். அரசாங்கம் ஒரு விளக்கை நட்டு வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிற பிறவி அது.

குயின் ஸ்திரீட்டில் ஒரு சேலைக்கடையின் மாடியில் அவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து மூன்று வயது. வீடு ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில். கூட இருந்தது அக்கா சிவகாமி மட்டும்தான். அக்காவுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. தங்கைக்குக் கூடி வந்தது, நிலைக்கவில்லை. அம்மா போன பிறகு சிவகாமி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் சட்டி கழுவப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் காமினி தையல் படித்தாள். இதை அக்கா ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் காமினிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சட்டி கழுவியவள் பிறகு சமையலுக்கு ஏறினாள். வருடக்கணக்காக அடுப்பு முன்னால் நின்றதில் முழங்கால் இரண்டும் கெட்டுப்போயின. லிஃப்ட் பழுதான நாட்களில் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள். ஆஸ்பத்திரியில் எடையைக் குறைக்கச் சொன்னார்கள், வலி மாத்திரை கொடுத்தார்கள், மூட்டு மாற்றும் அறுவைக்கு நாள் குறித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த நாள் வருகிற வழியாக இல்லை.

அப்போதுதான் சுப்பையா அண்ணன் ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். காமினியின் தையல் அறைக்குக் கீழே, இரண்டு கடை தள்ளி, அவருக்கு நாட்டுமருந்துக் கடை.

"மூட்டு வலிக்கு ஸ்பெஷல் தங்கச்சி. முழுக்க மூலிகை. நானே முதுகு வலிக்கு இதைத்தான் சாப்பிடுறேன்."

காமினி கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவள் அல்ல. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மால் நம்பர் இருக்காண்ணே?" என்று கேட்டாள். அரசாங்கத்தில் பதிவான மருந்துக்கெல்லாம் அந்த நம்பர் இருக்க வேண்டும். பளபளவென்று ஒரு ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். ரேடியோவில் கேட்டிருக்கிறாள். இரண்டும் இருந்தன. நம்பர் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவளுக்கு அது யாருடைய நம்பர் என்று பார்க்கத் தோன்றவில்லை. சுப்பையா அண்ணனுக்கும் தோன்றவில்லை. கொண்டுவந்து கொடுத்த ஆளை நம்பினார்.

ஒரே வாரத்தில் சிவகாமி எழுந்து நடமாடினாள். மாசக் கணக்கில் கிடைக்காத தூக்கம் கிடைத்தது. தைப்பூசத்தன்று யார் கையையும் பிடிக்காமல் தண்ணீர்மலைக் கோயில் படி முழுவதும் ஏறினாள். மேலே போய் நின்று மூச்சு வாங்கியபடி கீழே தெரிந்த ஊரைப் பார்த்து, "இனிமே செத்தாலும் பரவால்லடி" என்றாள். நல்ல நாளில் என்ன பேச்சு என்று காமினி கடிந்துகொண்டாள். ஆனால் அவளுக்கும் அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குத் தன்னால் ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுக்க முடிந்துவிட்டது என்று இருந்தது.

பிறகு சிவகாமியின் முகம் உருண்டு வந்தது. கன்னம் இரண்டும் உப்பிச் சிவந்தன. கோயிலில் பார்க்கிறவர்களெல்லாம், "என்ன சிவகாமி, பூசினாப்பல ஆயிட்டே" என்றார்கள். நம் ஆட்களுக்கு உடம்பு வைத்தால் சந்தோஷம். மெலிந்தால்தான் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். கண் பட்டுவிடப் போகிறதென்று காமினி வெள்ளிக்கிழமைதோறும் சுற்றிப் போட்டாள்.

தைக்கிறவளுக்கு அளவு தெரியாமல் போகுமா? ரவிக்கையில் மார்பையும் வயிற்றையும் பிரித்துப் பிரித்து விட்டுக்கொடுத்தாள். கையை மட்டும் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. தோள் நாளுக்கு நாள் மெலிந்தது, பிடரியில் சதை திரண்டு பின்கழுத்துத் துணி உட்காரவே இல்லை. "உனக்கு மட்டும் உடம்பு தப்பான எடத்துல ஏறுதுக்கா" என்று சிரித்தாள். இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, சுப்பையா அண்ணன் கடை முன்னால் வேன் வந்து நின்றது. மருந்து அமலாக்க அதிகாரிகள் பெட்டி பெட்டியாக வெளியே எடுத்து வைத்தார்கள். காமினி கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அதிகாரிகளில் ஒருத்தி நூருல் ஹுதா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்துப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவாள். கூடி நின்றவர்களிடம் அந்த டப்பாவை உயர்த்திக் காட்டினாள்.

"இந்த நம்பர் இந்த மருந்தோட நம்பரே இல்ல. வேற ஒரு இருமல் மருந்தோடது. இதுக்குள்ள ஸ்டீராய்டு கலந்திருக்காங்க. உடம்பக் கெடுத்துரும்."

பக்கத்தில் நின்ற நாணய மாற்றுக் கடைக்காரர், "அப்ப இத்தனை நாளா வெசத்தத்தான் வித்திருக்காரு" என்றார்.

வெசம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், காமினி அங்கே இல்லை. கைப்பையைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் தெருமுனை திரும்பும்போது நூருல் ஹுதா அடுத்த பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: யாராவது இதைத் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் தாங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, டப்பாவோடு உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். நாணய மாற்றுக் கடைக்காரர் கேட்டார். டிரைஷாக்காரர் கேட்டார். நகர முடியாமல் அங்கேயே நிறுத்தப்பட்டிருந்த சுப்பையா அண்ணனும் கேட்டார். அதனால்தான் அவர் பிழைத்தார்.

வீட்டிலிருந்த மாத்திரையை எல்லாம் காமினி கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டாள். "என் கையாலயே உனக்கு வெசம் குடுத்திருக்கேனேக்கா" என்று அழுதாள். சிவகாமிதான் அவளைத் தேற்றினாள்.

சுப்பையா அண்ணன் அன்று மாலையிலிருந்து போன் செய்தார். அவர் பெயரைப் பார்த்தாலே காமினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணையே வராமல் அடைத்துவிட்டாள்.

இரண்டு நாளில் சிவகாமிக்கு வலி திரும்பியது. முழங்காலில் மட்டுமில்லை, உடம்பெல்லாம். சாப்பிட்டது தங்கவில்லை. எழுந்தால் தலை சுற்றியது. கிளினிக்குக்குப் போகலாமா என்று ஒரு முறை கேட்டாள். "வெசம் எறங்குதுக்கா. எறங்கும்போது அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள் காமினி. இளநீர் கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள், கால் பிடித்துவிட்டாள். நாளாக ஆக மெல்லிய காய்ச்சலும் வந்தது.

காய்ச்சல் கண்ட அன்று மத்தியானம் சாமி மாடத்துக்குப் பின்னால் சிவகாமி எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். என்றைக்கோ எடுத்து வைத்த நாலைந்து மாத்திரைகள், ஒரு சிறு விபூதி டப்பாவில்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிறேன்டி. முடியல."

"வேணாம். குடு இப்படி."

"சட்டி தூக்குன கை இது. ஒரு டம்ளர தூக்க முடியல பாரு. ஒண்ணே ஒண்ணு, காமினி."

காமினி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டப்பாவை வாங்கினாள். கஷ்டப்படவே வேண்டியிருக்கவில்லை. விரல்களில் பலமே இல்லை. கண்ணெதிரிலேயே தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்தாள். அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் அதைச் செய்தாள். மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் காலையில் சிவகாமி குளியலறையில் சரிந்து கிடந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் தனேஷ் சின்னப் பையன்போல் இருந்தார். ஆனால் முகத்தையும் பிடரியையும் பார்த்தவுடன் புரிந்துகொண்டார்.

"ஜாமு, மூலிகை மாத்திரைன்னு ஏதாச்சும் எடுத்தாங்களா ஆன்ட்டி?"

"எடுத்தா. வெசம்னு தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்திட்டேன்."

அவர் தாதிகளைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்.

சாயங்காலம் அவர் வெளியே வந்து காமினியின் பக்கத்தில் உட்கார்ந்தார். உடம்பு தானே சுரக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே வேலையைச் செய்யும் மருந்து வெளியிலிருந்து தினமும் வந்ததால் உடம்பு சுரப்பதையே மறந்துவிட்டது. மெல்ல மெல்லக் குறைத்திருந்தால் மறுபடி பழகியிருக்கலாம். ஒரேயடியாக நிறுத்தியதும், மேலே காய்ச்சலும் சேர்ந்து, இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. எல்லாம் செய்து பார்த்தோம் என்றார். காமினி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரியாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு நூருல் ஹுதா வாக்குமூலம் வாங்க வீட்டுக்கு வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சிவகாமியின் படத்துக்கு எதிரில் தயங்கி உட்கார்ந்தாள். எங்கே வாங்கினீர்கள், எத்தனை மாதம் சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். காமினி எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள்.

"சுப்பையா அண்ணன் மேல கேஸ் போடுவீங்களாம்மா?"

"போடுவோம்க்கா. பதிவில்லாத மருந்த வித்ததுக்கு. அவருக்கு சப்ளை பண்ண ஆளையும் தேடுறோம்."

"எம்மேல?"

"உங்க மேல எதுக்குக்கா? நீங்க வாங்குனவங்க."

"வாங்குனதச் சொல்லல." காமினியின் குரல் உயரவே இல்லை. "அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. நான் கையிலேர்ந்து புடுங்கிக் கொட்டிட்டேன். டாக்டர் சொல்றாரு, அன்னைக்கு அத விட்டு வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருந்தா இருந்திருப்பாளாம். அதுக்கு என்ன கேஸ்?"

நூருல் ஹுதா பேனாவைக் கீழே வைத்தாள். அன்று கடை முன்னால் கூட்டத்திலிருந்து ஒரு பெண் விலகி ஓடியதை அவள் பார்த்திருந்தாள். கூப்பிட்டு நிறுத்தத் தோன்றவில்லை.

"அதுக்கு சட்டத்துல ஒண்ணும் இல்லக்கா."

காமினி அந்தப் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"நல்லாப் பாருங்கம்மா" என்றாள். "ஏதாச்சும் இருக்கும்."