சொறி இருக்கா?

எங்கள் கணக்கெடுப்பின் கேள்வி எளிமையானது: வயது வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தோல் நோய் இருக்கிறது? ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை அல்ல, வீட்டில் தன்பாட்டுக்கு இருப்பவர்களை எண்ண வேண்டும். நான் புள்ளியியல் படித்தவள். எண்ணுவது என் வேலை. எது நோய் என்று முடிவு செய்வது கூட வந்த டாக்டரம்மாவின் வேலை. இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்புவதற்கு முன் கேள்விகளை அலுவலகத்திலேயே சோதித்துப் பார்த்தோம். தோல் நோய் உண்டா என்பதற்கு எல்லோரும் இல்லை என்றோம். பிறகு டாக்டரம்மா ஒவ்வொருவராகப் பார்த்தார். டிரைவருக்கு முதுகில் தேமல். கணக்கு பார்ப்பவருக்குப் பொடுகு, தொடை இடுக்கில் படை. எனக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். அதை நான் நோய் என்று நினைத்ததே இல்லை. மழைக்காலம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இத்தனை பேருக்கு இருப்பதை நோய் என்று சொல்லலாமா என்று கேட்டேன். சளி எல்லோருக்கும் பிடிக்கிறது, அதனால் சளி நோயில்லை என்று ஆகிவிடுமா என்றார் அவர். சரியாகத்தான் பட்டது. ஆனாலும் குழப்பம் போகவில்லை.

திருவாடானைப் பக்கத்து ஊர்களில் 'தோல் வியாதி' என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் மாறியது. பலருக்கு அந்தச் சொல் குஷ்டத்தை மட்டும்தான் குறித்தது. படையைச் சொறிந்துகொண்டே, எங்கள் வகையறாவில் அதெல்லாம் கிடையாது என்றார்கள். ஆகவே நோய் என்ற சொல்லை எடுத்துவிட்டு வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன்: படை இருக்கா, தேமல் இருக்கா, சொறி இருக்கா, சேத்துப்புண் இருக்கா, கால்வெடிப்பு இருக்கா. உடனே பலன் தெரிந்தது. தாங்களாகவே சட்டையைத் தூக்கிக் காட்டினார்கள்.

அதே வரிசையோடு ராமேஸ்வரம் தீவில் ஒரு மீனவர் குடியிருப்புக்குப் போனோம். டாக்டரம்மா மாதா கோயில் பக்கத்து மண்டபத்தில் உட்கார்ந்தார். நான் வீடு வீடாகப் போய், ஆம் என்பவர்களை அங்கே அனுப்பினேன். படைக்குச் சிலர், தேமலுக்குச் சிலர். சொறிக்கு மட்டும் ஏறக்குறைய எல்லா வீடும் ஆம். இந்த மாதம் ரொம்ப அதிகம் என்றார்கள். காற்று மாறினால் போய்விடும் என்றார் ஒருவர். காற்றுக்கும் சொறிக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமலே குறித்துக்கொண்டேன்.

ஒரு வீட்டில் ஓர் அக்கா முந்தானைக்குள் கைகளை வைத்துக்கொண்டே பேசினார். நண்டுக் கம்பெனியில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிறவர். தினமும் காலையில் கேட்டில் வாட்ச்மேன் கையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். முந்தைய நாள் இவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சொறி பிடித்த கை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம். நாளைக்கும் உள்ளே விடாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அவரையும் மண்டபத்துக்கு அனுப்பினேன்.

மத்தியானம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடச் சொறி இல்லை, நீ என்னதான் கேட்டாய் என்றார். எல்லோர் முன்னாலும் என் கேள்வியைத் திரும்பச் சொன்னேன். மண்டபமே சிரித்தது.

அந்த அக்காதான் விளக்கினார். "சொறி கடல்லதான இருக்கு, தங்கச்சி. கொழகொழன்னு மிதக்குமே. இப்ப வலை முழுக்க அதுதான். மேல பட்டா அரிச்சுத் தள்ளிரும்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "படிச்ச புள்ளைல்ல. ஜெல்லி மீனுன்னு சொன்னாத்தான் அதுக்கு வெளங்கும்."

நான் தோலைக் கேட்டேன், அவர்கள் கடலைச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் வாட்ச்மேன் சொன்னது எந்தச் சொறி என்று அக்காவிடம் கேட்டேன். "அது நீங்க சொல்ற சொறி" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் இருந்த கோடுகள் வீட்டு வலையை உதறும்போது கடல் சொறி பட்டவை. விரல்களில் வெடித்துச் சிவந்திருந்தது கரப்பான். நண்டுத் தண்ணீரும் சோப்பும் ஐஸும் சேர்ந்து செய்தது.

"நோய் இருக்கா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க டாக்டரம்மா."

"இருக்கு. ஆனா ஒட்டாது."

"இருக்குன்னா நான் கேட்டுக்கு வெளிய. இல்லைன்னு எழுதிக் குடுங்க."

அப்படி எழுத முடியாது என்றார் டாக்டரம்மா. எனக்கு யார் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. என் கணக்கில் அந்தக் கை 'ஆம்'. கேட்டில் அது 'இல்லை'யாக இருக்க வேண்டும். கடைசியில் டாக்டரம்மா ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதினார். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வாட்ச்மேனுக்குத் தமிழில் இருந்தால்தான் புரியுமாம். கீழே எழுதினேன்: 'இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. கையுறை போட்டு வேலை செய்யலாம்.' அதற்கும் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அடுத்த ஊருக்கு நண்டுக் கம்பெனி வழியாகத்தான் போனோம். ஜீப்பைக் கேட்டுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். அக்கா நீட்டிய சீட்டை வாட்ச்மேன் வெகுநேரம் படித்தார்.

"ஒட்டாதுன்னு போட்ருக்கு. அப்ப நோய் இருக்குல்ல?"

"இருக்குண்ணே. ஒங்க கழுத்துலயுந்தான் வெள்ளை வெள்ளையாத் தேமல் கெடக்கு. ஒங்கள யாரு கேட்டுல நிப்பாட்டுறா?"

வாட்ச்மேன் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். சூப்பர்வைசரிடம் கேட்டிருப்பார் போலும். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜோடி கையுறை இருந்தது. அக்கா அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டி, எங்கள் பக்கம் பார்க்காமலே உள்ளே போனார்.

ஜீப்பில் அந்த ஊரின் சொறிகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். பெயரில்லாமல் எண் மட்டும் இருந்த அக்காவின் வரிசையில் கரப்பான், ஆம் என்று எழுதினேன். வாட்ச்மேனின் தேமலைச் சேர்க்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அவரை வீட்ல போய்ப் பாத்தியா? ரோட்ல பாத்தவங்களை எல்லாம் எப்படிச் சேர்ப்ப?" என்றார்.