மாவு மளிகைதானே

கடை உரிமத்தில் மாற்றம் கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது விதி. உரிமப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், மகளின் கடைக்காக மூன்று மாதமாக அதே அலுவலகத்துக்கு அலைகிறேன். இன்று அதன் சிற்றுண்டிச் சாலையில் யாரோ தோசையைக் கருக விட்டார்கள். உலு திராம் தோட்டப்புறத்தில் அப்பா நடத்திய மளிகைக் கடை மூக்கில் ஏறியது.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்குவதைக் குறைத்துக்கொண்ட காலம். விடியலில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குத் தோசை விற்கலாம் என்றார் அம்மா.

“லைசென்ஸ்ல மளிகைன்னுதான் இருக்கு. எழுதிக் கேட்டிருக்கேன், பதில் வரட்டும்,” என்றார் அப்பா.

“அதுக்குள்ள கடைய இழுத்து மூடிருவோம் லா!”

அம்மா மாவை மட்டும் விற்றார். வாசலில் எரியும் அடுப்பும் தோசைக்கல்லும் இலவசம்.

“மாவு மளிகைதானே? சுட்டுக்கிறது அவங்க பாடு.”

தொழிற்சாலைச் சீருடைக்காரர்கள் வரிசையில் நின்று, தாங்களே சுட்டு, பாதியைக் கருக்கித் தின்றுவிட்டு பஸ் ஏறினார்கள். கடை பிழைத்தது. அனுமதி வராமல் அந்தத் தோசையைத் தொடமாட்டேன் என்ற அப்பா, வருஷக்கணக்கில் பக்கத்துக் கடை ரொட்டியையே தின்றார்.

அனுமதி வந்தது, அவருடைய கருமாதியன்று.